ஆறு வயதுக் கணக்கு

2027 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளையும் முதலாம் ஆண்டில் சேர்க்கலாம் என்று 2026 ஜனவரியில் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். கட்டாயமில்லை, பெற்றோர் விருப்பம். அன்றிலிருந்து கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தாய்மார்கள் கூடும் இடங்களிலெல்லாம் இதே பேச்சுதான். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூ வாங்க நின்றபோது ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள்: “ஆறுலயே போட்டுட்டா, பின்னால ரிமூவ் போனாலும் வயசு சரியா வந்துரும்லக்கா?”

இந்தக் கேள்வி தமிழ்ப்பள்ளி வழியே வந்த குடும்பத்துக்குத்தான் முழுதாகப் புரியும். தேசியப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை நேராக முதலாம் படிவம் போகிறது. தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ படித்த பிள்ளை மலாய்மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாவிட்டால், நடுவில் ஓராண்டு ரிமூவ் எனப்படும் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். ஆறாம் ஆண்டு இறுதியில் யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் அந்தத் தேர்வுத் தாளே அதைத் தீர்மானித்தது. 2021-இல் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஆனால் புகுமுக வகுப்பு இன்னும் இருக்கிறது. அங்கே போன பிள்ளை முதலாம் படிவத்தில் நுழையும்போது வகுப்புத் தோழர்களைவிட ஒரு வயது மூத்தது. மற்றவர்கள் பதினேழில் எழுதும் எஸ்பிஎம் தேர்வை அது பதினெட்டில் எழுதும்.

என் அத்தை மகன் அப்படிப் போனவன். அந்த ஓராண்டில் அவன் மலாய் நன்றாகத் தேறியது என்னவோ உண்மை. ஆனால் ஒரே சந்தில் ஒன்றாகப் பந்து விளையாடிய பக்கத்து வீட்டுப் பையன் தேசியப் பள்ளியில் படித்ததால் அதற்குள் முதலாம் படிவத்தில் இருந்தான். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் “எந்த ஃபாரம்பா?” என்று கேட்டுவிடுவார். ரிமூவ் என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு மாற்றம் வரும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவன் விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான். அந்த வகுப்பின் பாடம் அவனுக்குப் பாரமாக இல்லை. பதின்மூன்று வயதில் எல்லாரும் பார்க்கப் பின்தங்கி நிற்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஆகவே அந்தத் தங்கச்சியின் கணக்கை நான் குறை சொல்லமாட்டேன். மகனுக்கு இந்த வேதனை வரக்கூடாது என்றுதான் நினைக்கிறாள். ஆனால் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

அவள் மகன் 2021 டிசம்பரில் பிறந்தவன்; 2027 டிசம்பரில்தான் அவனுக்கு ஆறு நிறையும். பள்ளியாண்டு இப்போது பழையபடி ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. 2027-இல் அவனைச் சேர்த்தால், முதல் நாள் பள்ளிப்பையைத் தூக்கும்போது அவனுக்கு ஐந்து வயதும் ஒரு மாதமும். அதே முதலாம் ஆண்டில் 2020 ஜனவரியில் பிறந்து ஏழு வயது நிறையப்போகும் பிள்ளையும் சேரும். இருவருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வயது. நமக்கு நாற்பதும் நாற்பத்திரண்டும் ஒன்றுதான். ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு வருடம் என்பது வாழ்ந்த வாழ்வில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பென்சில் பிடிக்கும் விரலின் பலம், அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காரும் பொறுமை, கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று ஆசிரியரிடம் வாய் திறந்து கேட்கும் துணிச்சல் எல்லாம் இந்த இரண்டு வருடத்தில்தான் வருகின்றன. நம் பிள்ளைகள் இத்துடன் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார்கள். சின்ன வயதிலேயே போய் மலாயில் தடுமாறினால், எந்த ரிமூவ் வகுப்புக்குப் பயந்து சீக்கிரம் சேர்த்தோமோ அங்கேயே கொண்டுபோய் விடும்.

டென்மார்க்கில் தாமஸ் டீயும் ஹான்ஸ் ஹென்ரிக் சிவெர்ட்சென்னும் ஆராய்ந்து பார்த்தார்கள். ஓராண்டு தாமதித்துப் பள்ளி சேர்ந்த பிள்ளைகளிடம் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் பதினொரு வயதிலும் தெளிவாகக் குறைந்திருந்தன. சீக்கிரம் படித்தால் சீக்கிரம் சம்பாதிப்பான் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அதற்கும் நார்வேயில் விடை இருக்கிறது. முன்னதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் சம்பளம் சற்றுக் கூட இருந்தாலும், முப்பது வயதுக்குள் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்று அங்கே கண்டார்கள். நார்வே ஆய்வு தாமதித்துச் சேர்ப்பதில் பெரிய லாபம் இருப்பதாகவும் சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காத்திருப்பதால் மேதை பிறக்கமாட்டான். ஆனால் பள்ளியைக் கண்டு மிரளாத பிள்ளையாக உள்ளே போவான்.

ஏழு வயதுக்கு மேலும் நிறுத்திவைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது நம் விருப்பத்தில் இல்லை. 1996 கல்விச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தம் 2003 முதல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிவிட்டது. ஜனவரி முதல் தேதியில் ஆறு வயது நிறைந்த பிள்ளையைச் சேர்க்காவிட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பேச்சு வராத, வளர்ச்சி தாமதமான பிள்ளை என்றால் மருத்துவ அறிக்கையோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். விலக்களிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளி வாசலிலேயே திரும்பி, எட்டு, ஒன்பது வயதில் முதலாம் ஆண்டுக்கு வந்த தோட்டப்புறப் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. இந்தியர்களின் பத்திரச் சிக்கலைத் தீர்க்க 2011-இல் மைடஃப்தார் இயக்கம் நடத்தும் அளவுக்கு அது பெரிய துயரம். அந்தத் தாமதம் திணிக்கப்பட்டது. அதைப் பார்த்த சமூகம் என்பதால் தாமதம் என்றாலே நமக்குக் கிலி. நாம் கையிலெடுத்துக் கொடுக்கும் ஓராண்டு அப்படிப்பட்டதல்ல.

டிசம்பர் பிள்ளையின் அம்மாக்களே, ஓராண்டைச் செலவழித்தே ஆகவேண்டும் என்றால் அதைப் பாலர் பள்ளியில் செலவழியுங்கள். அங்கே பாடட்டும், மண்ணில் விளையாடட்டும், மலாய்க்கதை கேட்கட்டும். அங்கே அவனைப் பார்த்து யாரும் எந்த ஃபாரம் என்று கேட்கப்போவதில்லை. வீட்டில் புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளை இருந்தால், அடுத்த விசேஷத்தில் உறவுக்காரர்கள் கேட்பதற்கு முன்பே நீங்களே முந்திக்கொண்டு, அவன் பக்கத்தில் நின்று, சத்தமாகச் சொல்லுங்கள்: “என் மகன் ரிமூவ் படிக்கிறான்.”