ஹார்பர் டவுன்: ஒடுங்கின மைதானம், அதைவிட ஒடுங்கின வாசல்

மாஸ்டர்ஸ் முடிஞ்சு யாரோ ஒருத்தருக்கு பச்சைக் கோட்டு மாட்டிவிட்டதும், நம்மாளுங்க பாதிப் பேர் அடுத்த மேஜர் வரைக்கும் கோல்ஃப் பக்கமே தலைவெச்சுப் படுக்கறதில்லை. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. அதுக்கு அடுத்த வாரம், தென் கரோலினாவில் ஹில்டன் ஹெட் தீவில், ஹார்பர் டவுன் மைதானத்தில் ஹெரிட்டேஜ் போட்டி நடக்கும். என்னைக் கேட்டா, வருஷத்தில் ஒரே ஒரு சாதாரண போட்டிதான் முழுசா பார்க்க முடியும்னா இதைத்தான் பார்ப்பேன். (இந்தியாவில் இருந்து பார்க்கறவங்க திங்கள் விடியற்காலை வரை முழிச்சிருக்கணும். ஆபீஸுக்கு லீவு சொல்றது உங்க சாமர்த்தியம் :-))

முதல்ல மைதானத்தைப் பார்த்துடுவோம். 1969-ல் பீட் டை கட்டினது. கூட இருந்து யோசனை சொன்னவர் ஜாக் நிக்லஸ். அதே வருஷம் நடந்த முதல் போட்டியை ஜெயிச்சவர் ஆர்னால்ட் பால்மர். நீளம் சுமார் 7,200 கஜம், பார் 71. இன்னிக்கு நிலவரத்துக்கு இது சின்ன மைதானம். முந்தின வாரம் ஆடின அகஸ்டா 7,500 கஜத்துக்கு மேல. ஆனா அகஸ்டாவில் ட்ரைவரை எடுத்து வீசறதுக்கு இடம் தாராளமா இருக்கும். இங்கே ரெண்டு பக்கமும் ஓக் மரமும் பைன் மரமும் நெருக்கியடிச்சு நிக்கும். ஓக் மரத்துல இருந்து சடை சடையா பாசி வேற தொங்கும். பார்க்க அழகு, அடிக்கிறவனுக்கு வயித்தெரிச்சல்.

இங்கே ஒரு விசேஷம் உண்டு. மத்த இடத்தில் ஃபேர்வேயில் பந்து விழுந்தா பாதி வேலை முடிஞ்சுது. இங்கே அப்படி இல்லை. ஃபேர்வேக்கு நடுவுலேயே பந்து கிடக்கும், ஆனா கிரீனுக்கும் அதுக்கும் நடுவில் ஒரு கிளை நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால எவ்வளவு தூரம் அடிச்சோம்ங்கறது கணக்கில்லை, எந்தப் பக்கம் அடிச்சோம்ங்கறதுதான் கணக்கு. 280 கஜம் அடிச்சு சரியான பக்கம் இருக்கறவன், 320 கஜம் அடிச்சு தப்பான பக்கம் இருக்கறவனைப் பார்த்து சிரிக்கலாம்.

அடுத்து கிரீன். சராசரியா 3,700 சதுர அடி. நம்ம கணக்கில் சொன்னா ஒன்றரை கிரவுண்டு! உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரங்களே இந்த ஒன்றரை கிரவுண்டை அடிக்கடி கோட்டை விடுவாங்க. அப்புறம் ஓரத்தில் இருந்து சிப் பண்ணி, புட் பண்ணி பார் எடுக்கணும். 13-வது ஹோலில் கிரீனை முன்பக்கம் வளைச்சு ஒரு பெரிய மணல் பங்க்கர், அதுக்கு மரப்பலகையால் சுவர். இது பீட் டை மனைவி ஆலிஸ் டையோட கைவண்ணம்னு சொல்லுவாங்க. கடைசி ஹோலில்தான் மரமெல்லாம் விலகி, இடது பக்கம் கடல் கழி, எதிரே சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். "அப்பாடா, இடம் கிடைச்சுது"ன்னு நினைக்கும்போது காத்து வந்து கதவைத் தட்டும். 2025 போட்டி முடிஞ்சதும் மைதானத்தை மூடி, டேவிஸ் லவ் குழுவினர் சீரமைச்சு, அந்த வருஷக் கடைசியில் திறந்தாங்க. நோக்கம் புதுசா எதையும் கட்டறது இல்லை, பழைய குணத்தை மீட்கறதுதான். அதுவே எனக்கு நிம்மதி.

அந்த டேவிஸ் லவ் இங்கே அஞ்சு தடவை ஜெயிச்சவர் (1987, 1991, 1992, 1998, 2003). அவர் தன் காலத்தில் நீளமா அடிச்சவர்ங்கறதையும் சொல்லிடறேன். அதனால "நீளமா அடிக்கிறவன் இங்கே ஜெயிக்கவே மாட்டான்"னு சொன்னா அது பொய். ஆனா நீளம் மட்டும் வெச்சுக்கிட்டு ஜெயிக்க முடியாது. 2019-ஐ எடுத்துக்குங்க. அப்போ உலக நம்பர் ஒன் டஸ்டின் ஜான்சன், தென் கரோலினா மண்ணின் மைந்தர், மூணு நாள் முடிஞ்சப்ப முன்னிலையில் இருந்தார். கடைசி நாள் அடிச்சது 77. கோப்பையைத் தூக்கிட்டுப் போனவர் தைவானின் சி.டி. பான்.

இப்பதான் மேட்டருக்கு வர்றேன். 2017, 2018, 2019 மூணு வருஷத்தையும் வரிசையா பாருங்க. 2017-ல் வெஸ்லி பிரையன், யூட்யூபில் வித்தை ஷாட் அடிச்சுக் காட்டி பேர் வாங்கினவர். 2018-ல் ஜப்பானின் சதோஷி கோடைரா. அப்போ அவர் பி.ஜி.ஏ. டூரில் உறுப்பினர்கூட இல்லை. 2019-ல் பான். மூணு பேருக்குமே அதுதான் டூரில் முதல் வெற்றி. இதுதான் ஹார்பர் டவுனோட அழகு. மைதானம் யார் முகத்தையும் பார்க்காது, தோள் பலத்தையும் பார்க்காது.

சரி, இன்னிக்கு ஒரு கோடைரா வரணும்னா என்ன வழி? வழி ரொம்பக் குறுகல்தான். 2022-ல் 132 பேர் ஆடினாங்க, மொத்தப் பரிசு 80 லட்சம் டாலர். 2023-ல் பரிசை 2 கோடி டாலர் ஆக்கினாங்க. 2024-ல் 'சிக்னேச்சர்' போட்டின்னு பேர் வெச்சு, ஆட்டக்காரங்களை சுமார் 70 ஆக்கினாங்க. கட் கிடையாது, நாலு நாளும் எல்லாரும் ஆடலாம், கடைசியா வர்றவருக்கும் பல்லாயிரம் டாலர். உள்ளே வர, பெரும்பாலும் முந்தின வருஷ ஃபெடெக்ஸ் கப் பட்டியலில் முதல் 50-ல் இருக்கணும், இல்லேன்னா அந்த சீசனில் நல்லா ஆடி மிச்சம் இருக்கற சில இடங்களைப் பிடிக்கணும்.

அந்த முதல் 50 எப்படி உருவாகுது? வருஷம் பூரா நடக்கிற போட்டிகளில். அதில் பெரும்பாலானவை நீளமான, அகலமான மைதானங்கள். அங்கே நீளமா அடிக்கிறவனுக்குத்தான் ஆதாயம். ஆகக்கூடி, துல்லியமா அடிக்கிற குட்டை ஆட்டக்காரனுக்கு ஏத்த அபூர்வமான ஒரு மைதானத்துக்குள் நுழைய, அவனுக்கு ஏற்காத பத்து மைதானத்தில் ஜெயிச்சுட்டு வரச் சொல்றோம். நீச்சல் போட்டிக்கு ஆள் எடுக்க மாரத்தான் ஓடவிட்ட கதைதான்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லணும். 2010-ல் இந்தப் போட்டிக்கு இருந்த ஸ்பான்சர் விலகினாங்க. 2011-ல் பேர் சொல்ல ஒரு ஸ்பான்சர் இல்லாமலே நடந்தது. போட்டியே நின்னுடுமோன்னு தீவே கவலைப்பட்டது. 2012-ல் கனடாவின் ராயல் பேங்க் வந்து கைகொடுத்தது. காசு போடறவங்க பெரிய தலைகளைக் கேட்கறது நியாயம்தான். 2022-ல் லிவ் ஆரம்பிச்சு ஆட்களை அள்ளிக்கிட்டுப் போனப்ப, இருக்கறவங்களைப் பிடிச்சு வைக்க டூருக்கு வேற வழி தெரியலை. மாஸ்டர்ஸ் முடிஞ்ச களைப்பில் ஓய்வெடுக்கப் போற பெரிய ஆட்டக்காரங்க இப்போ இங்கே வர்றாங்க, அதுவும் உண்மை. இன்னொண்ணு: 2020, 2021, 2022-ல் வாசல் திறந்திருந்தப்பவும் வெப் சிம்ப்சன், ஸ்டூவர்ட் சிங்க், ஜோர்டன் ஸ்பீத்னு மேஜர் ஜெயிச்சவங்கதான் ஜெயிச்சாங்க. அதனால 2023-ல் ஃபிட்ஸ்பாட்ரிக், 2024-ல் ஷெஃப்லர், 2025-ல் ஜஸ்டின் தாமஸ் ஜெயிச்சதை வெச்சு "பார்த்தீங்களா, விதிதான் காரணம்"னு நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்றது வேற. யார் ஜெயிச்சாங்கங்கறது பிரச்னை இல்லை, யார் முயற்சி பண்ணக்கூட முடியலைங்கறதுதான் பிரச்னை. 2025-ல் தாமஸை ப்ளே-ஆஃப் வரை இழுத்தவர் ஆண்ட்ரூ நோவாக். அதுவரை டூரில் ஒரு பட்டமும் இல்லாதவர். உள்ளே விட்டா என்ன நடக்கும்ங்கறதுக்கு அவரே சாட்சி.

என் யோசனை ரொம்ப சிம்பிள். பணத்தைக் குறைக்க வேண்டாம். ஆட்களை 110, 120 ஆக்குங்க. ரெண்டு நாள் முடிஞ்சதும் கட் வையுங்க. இதே மைதானத்தில் 132 பேர் ஆடி முடிச்சிருக்காங்க, ஏப்ரலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. கட் வெச்சா பெரிய தலை வீட்டுக்குப் போயிடுவாரேன்னு பயமா? டைகர், பால்மர், நிக்லஸ் பேரோடு சேர்ந்த மூணு சிக்னேச்சர் போட்டிகளிலும் 2024-ல் கட் இருந்ததே! நிக்லஸ் போட்டிக்கு ஒரு நியாயம், நிக்லஸ் கை வெச்ச மைதானத்துக்கு இன்னொரு நியாயமா?

சரி, புலம்பல் போதும். போட்டி வரும்போது யாரைப் பார்க்கலாம்? ஃபிட்ஸ்பாட்ரிக் சின்ன வயசில் குடும்பத்தோட இங்கே விடுமுறைக்கு வந்தவர், மூலை முடுக்கெல்லாம் பழக்கம். பாட்ரிக் கான்ட்லே 2022-ல் ப்ளே-ஆஃபில் தோத்தவர், 2023-ல் மூணாவது. இந்த இடம் அவருக்கு ஒரு பாக்கி வெச்சிருக்கு. நம்ம தெலுங்குக் குடும்பத்துப் பையன் சாஹித் தீகலா 2024-ல் ரெண்டாவது வந்தார். அவர் உள்ளே இருந்தா என் ஆதரவு அவருக்குத்தான். யாரா இருந்தாலும் ட்ரைவர் தூரத்தைப் பார்க்காதீங்க. அயர்ன் எப்படி, கிரீனைத் தவறவிட்டா எப்படி மீள்றார், இதை மட்டும் பாருங்க.

கடைசியா ஒரு பேர். 2010-ல் பிரையன் டேவிஸ்னு ஒரு ஆங்கிலேயர், ஜிம் ஃப்யூரிக்கோடு ப்ளே-ஆஃப். 18-வது கிரீன் பக்கத்தில் கழி ஓரமா பந்து. அடிக்க மட்டையைப் பின்னால் கொண்டு போகும்போது உதிர்ந்து கிடந்த ஒரு நாணல் துண்டில் அது லேசா உரசியது. அவரே அதிகாரியைக் கூப்பிட்டு சொன்னார். ரெண்டு ஸ்ட்ரோக் அபராதம், போட்டி போச்சு. அதுக்கு அப்புறமும் அவர் டூரில் ஜெயிக்கவே இல்லை. ஹார்பர் டவுன்னு சொன்னா கலங்கரை விளக்கத்துக்கு முன்னாடி எனக்கு ஞாபகம் வர்றது இவர்தான். இப்படி டூரில் ஒரு பட்டமும் இல்லாத ஆள், உலகம் பார்க்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்கே நிக்க முடிஞ்சதே, அது வாசல் அகலமா இருந்ததால்தான்.