கூட யார் வந்திருக்கிறார்கள்?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சிவகங்கைப் பக்கம் எந்த ஊரில் விசாரித்தாலும் இதுதான் பதில்: "மூத்தவன் துபாய்ல, சின்னவன் சிங்கப்பூர்ல, மக திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா." வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும். பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஓட்டு வீடு மாடி வீடாகிவிட்டது, மருந்துக்கும் குறைவில்லை. ஆஸ்பத்திரியில் "கூட யார் வந்திருக்கா?" என்று கேட்டால்தான் முன்னால் வந்து நிற்க ஆளில்லை.

எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. 108 உடனே வந்தது. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். ஆனால் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட மகன் வரட்டும் என்றார்கள். வளைகுடாவில் மேஸ்திரி வேலை பார்ப்பவர் நினைத்த நேரத்தில் விமானம் ஏற முடியுமா? முதலாளி விடுப்புத் தர வேண்டும். இந்த முறிவுக்கு ஓரிரு நாளில் அறுவை நடந்துவிட வேண்டும் என்பது உங்கள் மருத்துவர்களுக்கே தெரியும். தள்ளிப்போனால் முதுகில் புண் வரும், நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். பாட்டி பிழைத்தார், ஆனால் மறுபடி நடக்கவில்லை. விழுந்த அன்றும் அவருக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. அவர் உடம்புக்கு அவரே கையெழுத்துப் போட்டிருக்கலாம். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கண்புரை அறுவையைத் துணைக்கு ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

இந்தச் சிக்கல் இனி பெரிதாகத்தான் போகிறது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031இல் அது 18 ஆகும் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. அதற்காகப் பிழைக்கப் போகும் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகாவிட்டால் மருந்துக்கும் வழியிருக்காது.

2021 ஆகஸ்டில் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாசலிலேயே மாத்திரை தருகிறது. எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பதை மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் அறிவார்கள். அந்த வீடுகளுக்குத் தனிப் பதிவேடு வையுங்கள். வெளியூரிலுள்ள பிள்ளையின் எண்ணும் அதில் இருக்கட்டும். அரசு மருத்துவமனைகளின் எலும்பு, கண் பிரிவுகளில், தனியாக வரும் முதியவருடன் இரவும் பகலும் இருக்கச் சம்பளத்துடன் துணையாளரை நியமியுங்கள். இதை அந்தப் பெண்கள் தலையிலேயே ஊதியமில்லாமல் கட்டிவிட வேண்டாம். நினைவு தெளிவாக உள்ள நோயாளியின் கையெழுத்தே போதும், மகனுக்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் உத்தரவிடுங்கள். இந்த உத்தரவை இந்த வாரமே போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்