முட்டி வலிக்கிறதா? டென்னிஸை விட வேண்டியதில்லை

“முட்டி தேஞ்சுபோச்சுங்க. இனி கோர்ட் பக்கமே போகாதீங்கன்னு சொல்லிட்டாங்க.” கோவை ரேஸ் கோர்ஸ் பக்கத்து கிளப்களிலும், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி கோர்ட்டுகளிலும் ஐம்பதைத் தாண்டிய ஆட்டக்காரர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். இருபது முப்பது வருடமாகக் காலை ஆறு மணிக்கு டபுள்ஸ் ஆடியவர், அன்றோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கோர் விசாரிப்பவராகிவிடுகிறார். கொஞ்ச நாளில் அதற்கும் வருவதில்லை. எடை ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, தொடை மெலிகிறது. முட்டி வலி மட்டும் போன பாடில்லை.

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் இந்த அறிவுரை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தாது. பலருக்கு அது கெடுதலும் செய்கிறது.

மோட்டாரும் பம்பும் செய்து வளர்ந்த கோவையில், மூட்டையும் ஒரு பேரிங்காக நினைப்பது இயல்புதான். பேரிங் ஓட ஓடத் தேயும், நிறுத்தி வைத்தால் தேயாது. முழங்கால் அப்படி இல்லை. அதன் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. கால் மடங்கி நீளும்போதும், பாரம் ஏறி இறங்கும்போதும்தான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போய்ச் சேர்கிறது. அளவான பாரம் அதற்குத் தேவை. பொழுதுபோக்காக ஓடுபவர்களின் மூட்டுகளைப் பற்றி 2017-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அப்படி ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகவே ஓடுபவர்களில் 13.3 சதவீதம். மிகையாக ஓடுவதும் ஆகாது, ஓடாமலே இருப்பதும் ஆகாது என்றுதான் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். டென்னிஸில் திடீர்த் திருப்பங்களும் நிறுத்தங்களும் அதிகம், ஓட்டத்தின் கணக்கு அதற்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் ‘அசைந்தால் தேயும்’ என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

டென்னிஸுக்கென்று தனிக் கணக்கும் ஒன்று உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 8,500-க்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ 25 ஆண்டுகள் கவனித்து, 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடற்பயிற்சியே இல்லாதவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் சராசரியாக 9.7 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். பேட்மின்டனுக்கு 6.2, நீச்சலுக்கு 3.4, மெல்லோட்டத்துக்கு 3.2. டென்னிஸ் ஆடுபவர்கள் வசதியானவர்களாகவும் இருப்பார்கள் என்பதால் முழுப் பெருமையையும் ராக்கெட்டுக்குக் கொடுத்துவிட முடியாது, ஆய்வாளர்களும் கொடுக்கவில்லை. ஆனால் நாலு பேரோடு சேர்ந்து ஆடுவதில் ஏதோ இருக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். கோவையில் காலை ஆட்டம் முடிந்து வியர்வையோடு காபி குடித்துக்கொண்டு பேசும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

முழங்கால் காயத்துக்குப் பிறகும் ஆட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த இடக்கை ஆட்டக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், தொழில்முறை ஆட்டத்தில் கால் ஊன்ற வேண்டிய வயதில் முழங்காலில் வந்த அழுத்த முறிவுகளால் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளை இழந்தார். எலும்பு ஒரேயடியாக உடைவதல்ல அழுத்த முறிவு. தாங்குவதற்கு மேல் திரும்பத் திரும்பப் பாரம் விழுந்து நுண்ணிய விரிசல் விடுவது. அத்தோடு முடிந்தது என்று பலர் நினைத்திருப்பார்கள். அவர் திரும்பி வந்தார். 2018 ஜூனில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் புல்தரையில் கனடாவின் டெனிஸ் ஷபோவலோவைத் தோற்கடித்தார். அதே ஆண்டு ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம். 2019-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளின் பிரதானச் சுற்றிலும் ஆடி, உலகத் தரவரிசையில் 75-ஆம் இடம்வரை போனார். ஓய்வு பெற்றது 2024-ல், 35 வயதை ஒட்டி.

டெல்லியின் யூகி பாம்ப்ரியும் அப்படித்தான். 2018-ல் 83-ஆம் இடம்வரை போன அவரை, முழங்கால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வெளியே உட்கார வைத்தது. அவர் டென்னிஸை விடவில்லை, ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். ஒற்றையரை விட்டு இரட்டையருக்கு வந்தவர், 2025 அமெரிக்க ஓப்பனில் அரையிறுதி வரை போனார். கிளப் ஆட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது இவருடைய முடிவைத்தான். சிங்கிள்ஸிலிருந்து டபுள்ஸுக்கு மாறினால் ஓட வேண்டிய பரப்பு குறைகிறது, மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. வயதானால் அப்படி மாறுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

வலிக்கும் முழங்கால் எல்லாம் ஒன்றல்ல. பழனி மலையோ மருதமலையோ ஏறும்போது தெரியாத வலி இறங்கும்போது சில்லுக்குப் பின்னால் தெரிந்தால், அது பெரும்பாலும் முழங்கால் சில்லும் தொடை எலும்பும் சேரும் இடத்தின் பிரச்சினை. சில்லுக்குச் சற்றுக் கீழே, ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால் தசைநாணைச் சந்தேகிக்கலாம். சர்வுக்குக் குதித்துக் குதித்து ஆடுபவர்களுக்கு வருவது. ரஃபேல் நடாலை 2012-ல் ஏழு மாதம் ஆடவிடாமல் செய்ததும் சில்லுக்குக் கீழான தசைநாண் கோளாறுதான். காலை எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைத்து, நடக்க நடக்க இளகினால் தேய்மானமாக இருக்கலாம். இவை எதிலும் பதற்றப்பட ஒன்றுமில்லை.

பதற வேண்டிய அறிகுறிகள் வேறு. திரும்பும்போது ‘டப்’பென்று சத்தம் கேட்டுச் சில மணி நேரத்தில் முட்டி வீங்குவது, மடக்கிய கால் நீள மறுத்துப் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது கால் திடீரெனச் சரிவது, ஊன்றவே முடியாமல் போவது, காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விட வேண்டும். எண்ணெய் தடவிக்கொண்டு பத்து நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நல்ல மருத்துவருக்குக் கோவையில் பஞ்சமில்லை. 1978-ல் தொடங்கிய கங்கா மருத்துவமனை முதல் பல இடங்களுக்கு, எலும்பு மூட்டு சிகிச்சைக்காகக் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்து போகிறார்கள்.

இத்தகைய அறிகுறி எதுவும் இல்லாதவர்களும் முதல் வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது. “ஜவ்வு கிழிஞ்சிருக்கு” என்று அறிக்கை வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. 2008-ல் அமெரிக்காவில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்காலை ஸ்கேன் செய்து பார்த்ததில், மெனிஸ்கஸ் எனப்படும் அந்த ஜவ்வில் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ இருந்ததில்லை. அவர்களைப் பொறுத்தவரை அந்தக் கிழிசல், தலை நரைப்பதைப் போல வயதோடு வந்தது.

அறுவை சிகிச்சைக்கும் இதே கதைதான். ஃபின்லாந்தில் வயதினால் வந்த மெனிஸ்கஸ் கிழிசலோடு இருந்த 146 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மையான சாவித் துளை அறுவையும் இன்னொரு பிரிவுக்குக் கிழிசலைத் தொடாமல் விட்ட பொய் அறுவையும் செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. 2013-ல் வந்த முடிவு அது. திடீர்க் காயம் வேறு விஷயம். 2024 ஜூனில் பாரிஸில் ஆட்டத்தின்போதே மெனிஸ்கஸ் கிழிந்த ஜோகோவிச், அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் விம்பிள்டன் இறுதியில் நின்றார். ஆனால் அவரைக் காட்டி 58 வயது மில் முதலாளிக்கு அறுவை செய்வது நியாயமல்ல. ரோஜர் ஃபெடரரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016-ல் ஒரு முழங்காலில் அறுவை செய்துகொண்டு மறு ஆண்டே ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றவர், 2020-லும் 2021-லும் மறு முழங்காலில் மூன்று முறை கத்தி வைத்த பிறகு பழைய ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை.

ஊசி, மாத்திரை விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. மருந்துக் கடைகளில் தாராளமாக விற்கும் குளுக்கோசமைன், 2006-ல் 1,583 பேரிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில் மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. ரத்தத்தைச் சுழற்றி எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி, 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீர் ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, வலி கூடுதலாகக் குறையாமல் குருத்தெலும்பு இன்னும் மெலிந்ததை 2017 ஆய்வு காட்டியது. இவற்றைவிட மோசமான பழக்கம், ஆட்டத்துக்கு அரை மணி முன்பு வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்குவது. வலி என்ற எச்சரிக்கையே அடங்கிவிடுகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

பலன் தருவது சலிப்பூட்டும் ஒன்று. தொடைக்கும் புட்டத்துக்கும் கெண்டைக்காலுக்கும் வலு ஏற்றுவது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2015 அறிக்கை, தேய்மான முழங்காலின் வலியை உடற்பயிற்சி குறைக்கிறது என்றது. பலன் மிதமானதுதான், மாயம் எதுவும் இல்லை. ஆனால் ஊசியைவிட மலிவு, கத்தியைவிடப் பத்திரம்.

செய்யும் விதம் எளிது. சுவரில் முதுகை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கி, தொடை நடுங்கத் தொடங்கும் அளவுக்கு 45 விநாடி நிற்க வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் விட்டு மறுபடி, மொத்தம் ஐந்து முறை. தசைநாண் வலிக்கு இது தற்காலிக நிவாரணமும் தரும். அது பழகிய பின், வீட்டு வாசல் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகாலை மூன்று எண்ணும் நேரத்தில் தரைக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுக்க வேண்டும். முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வது முக்கியம், மடிந்தால் இடுப்புத் தசை பலவீனமாக இருக்கலாம். பயிற்சியில் லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை அது பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் பாரம் சரி, கூடியிருந்தால் குறைக்க வேண்டும். வாரம் மூன்று நாள் வீதம், மூன்று மாதம் பொறுமை வேண்டும். பத்தாவது நாளில் விட்டுவிட்டு ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

எடையையும் விட்டுவிட முடியாது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்து சொன்னார்கள். கொங்குக் கல்யாண சீசனில் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

ஆடும் முறையிலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. ஐந்து நாள் ஆபீஸிலும் மில்லிலும் உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஆடுவது. அதே நேரத்தை மூன்று நாளாகப் பிரித்தால் முழங்கால் ஏற்றுக்கொள்ளும்.

தனி ஆட்டக்காரரின் கையில் இல்லாதது தரை. மண் கோர்ட்டில் கால் சற்று வழுக்கி நிற்கிறது. நிற்பதற்கு எடுக்கும் நேரம் கூடுவதால் முழங்காலுக்கு வரும் அதிர்ச்சி குறைகிறது. கான்கிரீட் மேல் அக்ரிலிக் பூசிய கடின கோர்ட்டில் ஷூ சட்டென்று பிடித்துக்கொள்ள, உடல் மட்டும் முன்னே போகிறது. அந்த வேகத்தை முட்டிதான் தாங்க வேண்டும். பந்தும் மண்ணில் மெதுவாக எழும்புவதால் ஓடிச் சேர நேரம் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் பழைய கிளப்களில் விடிவதற்கு முன்பே மண்ணில் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுத் தயார் செய்த தலைமுறை ஒன்று இருந்தது. மழைக்கு நிற்காது, ஆள் கிடைப்பதில்லை, பராமரிப்புச் செலவு அதிகம் என்று பல ஊர்களில் அந்த மண்ணை மூடி சிந்தெடிக் போட்டுவிட்டார்கள். டோர்னமென்ட் ஆடும் பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் காலையில் வந்து ஆடுபவர்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்களாக இருக்கும் கிளப்பில் எல்லாக் கோர்ட்டையும் கடினமாக்குவதில் நியாயமில்லை. ஒரு கோர்ட்டாவது மண்ணாகவே இருக்கட்டும்.

கிளப் நிர்வாகங்கள் இன்னும் கொஞ்சம் செய்யலாம். பந்து எடுத்துப் போட்டு உறுப்பினர்களோடு ஆடும் மார்க்கர்கள், யாருக்கு எந்தக் கால் இழுக்கிறது என்பதை முதலில் கவனிப்பவர்கள். சுவர் உட்காரலையும் படி இறக்கத்தையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், வார்ம்-அப் நேரத்திலேயே உறுப்பினர்களைச் செய்ய வைப்பார்கள். வாரம் ஒரு காலை ஒரு பிசியோதெரபிஸ்ட் கோர்ட்டுக்கே வந்து போனால், ஸ்கேன் சென்டருக்கு ஓடும் கூட்டம் குறையும். வேகம் குறைந்த, பச்சைப் புள்ளி போட்ட பந்துகளைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்காமல், அறுபதைத் தாண்டியவர்களின் டபுள்ஸுக்கும் எடுத்துக் கொடுக்கலாம். பந்து மெதுவாக வரும், ரேலி நீளும், பாய்ந்து எடுக்க வேண்டிய அவசியம் குறையும். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் புதிய விளக்குக் கம்பங்களுக்கும் ஏ.சி. ஹாலுக்கும் பணம் ஒதுக்கும் முன்பு, இவற்றை யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து கேட்க வேண்டும்.