விற்றவரைக் கேட்கச் சொல்லும் டிரைவர்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது, தீபாவளிக்கு ஆறே நாள் இருக்கும்போது. 11க்கு மாறிய தையல் மெஷின் பழுதுநீக்கும் பட்டறைகளில், மெஷினின் போர்டோடு பேச உதவும் பழைய பி.எல்.2303 யுஎஸ்பி-சீரியல் ஒயரைச் செருகினால், காம் போர்ட் வரவேண்டிய இடத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. எச்எக்ஸ்ஏ சிப் என்றால் 2012லேயே கைவிடப்பட்டதாம். டிஏ என்றால் விண்டோஸ் 11ல் ஓடாதாம். இரண்டிலும் கடைசி வரி ஒன்றே: விற்றவரைத் தொடர்பு கொள்ளவும்.

இந்த வாசகம் தெரிந்தால் போர்டைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய 3.3.2.105 டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்தால் எச்எக்ஸ்ஏ பெரும்பாலும் எழுந்துவிடும். லினக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை. போர்ட் வந்த பிறகும் போர்டின் சிப் பேசவில்லையா? அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் சேர்த்துத் தட்டச்சு செய்து பாருங்கள். அடித்தது திரும்பி வந்தால் அடாப்டர் சரி, கோளாறு அதற்கு அப்பால். எஸ்டிசி சிப்பில் டவுன்லோடு கொடுத்த பிறகு மின்சாரத்தை வெட்டிக் கொடுத்தும் அசையவில்லை என்றால், டிஎக்ஸ் கம்பி வழியாகவே சிப்புக்குக் கொஞ்சம் உயிர் ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் கம்பியில் ஒரு டயோடு போட்டால் அடங்கும்.

தையல் மெஷினின் சர்வோ பாக்ஸைத் திறப்பவர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது. 230 வோல்ட்டை நேரே ரெக்டிஃபை செய்யும் பெட்டிகள் பலவற்றில் கன்ட்ரோலரின் கிரவுண்டும் 325 வோல்ட் பஸ்ஸின் நெகட்டிவும் ஒன்றுதான். மெயின் இருக்கும்போது யுஎஸ்பியைச் செருகினால் லேப்டாப் போகும், ஆளும் போகலாம். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை வடித்து, லோ வோல்ட் பகுதிக்கு மட்டும் பெஞ்ச் சப்ளை கொடுங்கள்.

போலி சிப்பைத் தடுக்க, பி.எல்.2303ஐச் செய்யும் புரோலிஃபிக்குக்கு உரிமை உண்டு. ஆனால் டிரைவர் வழியாகப் போடும் இந்தப் பூட்டு அவர்களே செய்த பழைய அசல் சிப்பையும் சேர்த்து அல்லவா பூட்டுகிறது. 2014ல் இதே வகைச் சிப் செய்யும் எஃப்டிடிஐயின் டிரைவர் போலிகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கியது. கூச்சல் எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். துறைமுகத்தில் பிடிக்கவேண்டியதைப் பட்டறை மேஜையில் பிடிப்பதை இவ்விதழ் ஏற்கவில்லை.

யாரிடம் போய்க் கேட்பது? புதியம்புத்தூரில் ஒயர் விற்றவருக்கு உள்ளே எந்த சிப் என்று தெரியாது. மெஷின் விற்றவரிடம் பின்அவுட் கேட்டால், புது போர்டு வாங்கச் சொல்கிறார். பழுதுநீக்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வேளாண் கருவி, கைபேசியும் மின்னணுவும், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று துறைகள் நான்கு. தொழில் தையல் மெஷின் எதிலும் இல்லை. புதியம்புத்தூர் ஊரே ரெடிமேட் தைத்துப் பிழைப்பது டெல்லியின் கண்ணில் படவில்லை போலும்! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்காது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. வீட்டில் ஒற்றை மெஷினில் ஜாப் ஒர்க் செய்யும் அக்கா நுகர்வோர். அடுத்த தெருவில் பத்து மெஷின் போட்டு ஆள் வைத்துத் தைப்பவர் அந்த விலக்குக்குள் நுழைவது கடினம். போர்டு என்னவோ இரண்டு பேரிடமும் ஒன்றுதான்.

குழுவின் பட்டியலைத் திருத்த நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. ஐந்தாவதாகத் தொழில் தையல் மெஷினைச் சேர்த்து, பின்அவுட், எரர் கோடு, ஹெக்ஸ் ஃபைல் மூன்றையும் விற்பனையோடு கொடுக்கச் சொல்லி ஓர் உத்தரவு போட்டால் போதும்.