பூட்டிய பெட்டியும் புண்பட்ட கையும்

வடக்கிலும் கிழக்கிலும் எமது வாலிபரும் யுவதிகளும் தொழிற்பயிற்சியை நாடிச் செல்வது வரவேற்கத்தக்கது. எழுதுவினைஞர் உத்தியோகமே உத்தியோகம் என்று கிடந்த சமுதாயம், ஒட்டுவேலையும் மோட்டார்த் திருத்தமும் தச்சும் மின்னிணைப்பும் மானமுள்ள தொழில்கள் என்பதை ஏற்கத் தொடங்கியுள்ளது. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒருபுறமிருக்க, சந்திக்குச் சந்தி சிறு பட்டறைகளும் எமது பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குகின்றன. இவ்வளவும் நன்றே. ஆயின், வட்டவாளில் விரலைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அந்த முதற் பத்து நிமிடங்களில் யார் துணை? இக்கேள்விக்குப் பல இடங்களில் விடையில்லை என்பதை வேதனையுடன் கூறவேண்டியுள்ளது.

முதலுதவிப் பெட்டி இல்லாமலில்லை. சுவரில் அழகாகத் தொங்குகிறது. அதற்கொரு பூட்டு. திறப்போ காரியாலயத்தில், காரியாலயப் பொறுப்பாளரோ கூட்டத்திற் போயிருக்கிறார்! திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பது நான்கு பனடோலும் காய்ந்துபோன ஒரு மருந்துப் போத்தலுமே. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1942ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. முதலுதவிப் பெட்டியின் தேவையை அது அன்றே வற்புறுத்தியது. எண்பதாண்டுகள் கடந்தபின்னும் பெட்டிக்குப் பூட்டுப் போடும் புத்தி எம்மைவிட்டு அகலவில்லை.

பெட்டியிலும் பெரிய குறை அறிவிலுள்ள குறையாகும். வெட்டுக்காயத்திற் கோப்பித்தூளை அப்புவதும், தீப்புண்ணிற் பற்பசையைப் பூசுவதும் எமது வீடுகளின் பழக்கங்கள். அவையே பட்டறைக்கும் வந்து சேர்கின்றன. அவை புண்ணை மாசுபடுத்துமேயன்றி ஆற்றா. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்துக் கையால் இறுக அழுத்தவேண்டும். நின்றதா என்று நிமிடத்துக்கொருதரம் துணியை எடுத்துப் பார்க்கலாகாது. தீக்காயத்தை ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடிக்கவேண்டும். ஐஸ் கட்டி வைப்பதும் தவறு. துண்டான விரலை நேரே ஐஸிற் போட்டுக் கொண்டு ஓடுகிறார்கள். அதனால் தசை கெட்டுப்போகிறது. ஈரத்துணியிற் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அந்தப் பையையே ஐஸின்மேல் வைத்தல் வேண்டும். அப்படிச் சென்ற விரலைச் சத்திரசிகிச்சை வைத்தியர் மீண்டும் பொருத்த வழியுண்டு. கண்ணிற் பாய்ந்த இரும்புத் துகளைக் கைக்குட்டை நுனியால் நோண்டியெடுக்கும் 'கைராசிக்காரர்' ஒருவர் அநேகமாக ஒவ்வொரு பட்டறையிலும் இருப்பார். அவரிடமிருந்து எமது பிள்ளைகளின் கண்களைக் காப்பாற்றுவது அவசரமான பணி.

மின்சாரம் பொறுத்துக் காத்திருப்பதில்லை. மின்னில் அகப்பட்டவனை வெறுங்கையால் இழுக்கப்போய், ஒன்றுக்கு இரண்டு உயிர் பலியாவதுண்டு. முதலிற் பிரதான ஆளியை அணைக்கவேண்டும். அந்த ஆளி எங்கே இருக்கிறது என்பது, முதல்நாட் காலையிலேயே ஒவ்வொரு மாணவனுக்கும் காட்டப்படுகிறதா? மூச்சும் நினைவும் இல்லாதவனின் நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை, ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்தத் தெரிந்தவர் அங்கு ஒருவரேனும் உண்டா? மூளை காற்றின்றிச் சில நிமிடங்களே தாங்கும். வண்டி வரும்வரை கைகட்டி நின்றால், வண்டி வந்தும் பயனில்லை.

வண்டி வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்ட 1990 அவசர நோயாளர் காவு வண்டிச் சேவை 2018இல் வட மாகாணத்திற்கும் வந்தது. அதற்குக் கட்டணமில்லை. அரசின் சேவைகளிற் குறைகாணவே எமது பேனா பழகிவிட்டதென்று கூறுவோர் உளர். இதனைப் பாராட்டுவதில் எமக்குத் தயக்கமில்லை. அந்த எண்ணை வாசற்கதவில் எழுதிவைக்கச் செலவாவது ஒரு துளி மை.

காயத்திலும் கொடியது மறைத்தல். 'வெளியே தெரிந்தால் நிலையத்தின் பெயர் கெட்டுவிடும்' என்று காயத்துக்குத் துணி சுற்றி, பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். துருப்பிடித்த தகடு கீறிய சிறு காயமும் ஏற்புவலிக்கு வாயிலாகலாம். தடுப்பூசியின் அவசியத்தை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். எந்த விபத்தும் அன்றே பதிவேட்டில் ஏறவேண்டும். ஒரே யந்திரம் மூன்று கைகளைக் காயப்படுத்தினால், தவறு கைகளில் இல்லை, யந்திரத்தின் காப்பு மூடியில் இருக்கிறது என்பதைப் பதிவேடல்லவா எமக்குக் காட்டும்?

இன்னொன்றும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் யந்திரத்திற் பதித்த அபாய அறிவித்தலைத் தமிழ்ப் பிள்ளை வாசித்தறிய முடியாத நிலை இன்னும் நீங்கிவிடவில்லை. மொழியுரிமையை மேடையிற் பேசுவோர் இந்தச் சிறு தகட்டையும் ஒருகணம் நோக்குவாராக. தமிழில் எழுதி ஒட்டுவதற்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பயிற்றுநர் ஒவ்வொருவரும் முதலுதவிப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். அதனைக் காலத்துக்குக்காலம் புதுப்பித்தலும் வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையும் இப்பயிற்சியை அளித்து வருகின்றன. எமது வைத்தியர்களும் தாதியரும் மாதமொரு சனிக்கிழமையைத் தத்தம் ஊர்ப் பட்டறைக்கு ஒதுக்கினால் அது பெருந்தொண்டாகும். உழவு யந்திரமும் நீரிறைக்கும் யந்திரமும் வைத்திருக்கும் கமக்காரருக்கும் இந்த அறிவு வேண்டியதே. அவர்களும் அவ்வகுப்பில் வந்து அமரலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகனையோ மகளையோ சேர்க்கச் செல்லும்போது, சான்றிதழ் எந்தத் தரம் என்று கேட்கிறீர்கள். பெட்டி எங்கே, திறப்பு யாரிடம், முதலுதவி படித்தவர் யார் என்றும் அன்றே கேளுங்கள்.