மெஷின் கூடினால் காசு கூடுமா? 'பிட்காயின்' தோண்டும் கதை

"57 ஆயிரம் ரூபாய் கட்டுங்கள். தினமும் 4 ஆயிரம் ரூபாய் தருகிறோம். 3 மாதம் தருகிறோம்!"

ஒரு செல்போன் 'ஆப்' இப்படி ஆசை காட்டியது. அதன் பெயர் 'எச்.பி.இசட். டோக்கன்'. கட்டும் பணத்தில் 'பிட்காயின்' தோண்டும் மெஷின் வாங்குவோம், மெஷின் காசைக் கொட்டும் என்றார்கள். பலர் நம்பிக் கட்டினார்கள். பணம் ஒரே ஒரு முறை வந்தது. பிறகு வரவில்லை! நாகாலாந்தில் கோகிமா சைபர் கிரைம் போலீசார் வழக்குப் போட்டார்கள். அமலாக்கத்துறை விசாரித்து, 2024-ம் ஆண்டில் கம்பெனிகளும் ஆட்களுமாக 299 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

நாகாலாந்து தூரத்தில் இருக்கிறது. ஆனால் செல்போனுக்கு ஏது தூரம்? நாளைக்கு மேலூரில் உள்ள ஒருவருக்கும் இதே அழைப்பு வரலாம்.

மோசடி ஒரு பக்கம் இருக்கட்டும். பிட்காயின் தோண்டும் மெஷின் என்று உண்மையிலேயே ஒன்று உண்டா? உண்டு. அதை வாங்கி வைத்தால் காசு கொட்டுமா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

பூட்டும் சாவியும்

பிட்காயின் கையில் பிடிக்கும் காசு அல்ல. கம்ப்யூட்டர்களில் உள்ள ஒரு பொதுக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படும் எண். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர் கொண்டவர் 2009 ஜனவரி 3-ந் தேதி இதைத் தொடங்கி வைத்தார். அவர் யார் என்று இன்றுவரை உலகுக்குத் தெரியாது.

இந்தப் புத்தகத்தில் புதுப் பக்கம் எழுத வேண்டுமானால், எண் பூட்டு போன்ற ஒரு புதிரை அவிழ்க்க வேண்டும். மூளைக்கு அங்கே வேலை இல்லை. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். முதலில் அவிழ்ப்பவருக்குப் பரிசு. ஆரம்பத்தில் 50 பிட்காயின் பரிசு. சுமார் 4 ஆண்டுக்கு ஒரு முறை அது பாதியாகும். 2024 ஏப்ரல் முதல் பரிசு 3.125 பிட்காயின். இந்த வேலைக்குத்தான் 'தோண்டுதல்' என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பூட்டுத்தான் திறக்க வேண்டும். 2,016 பூட்டு திறந்ததும் எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கப்படும். 14 நாள் ஆகியிருக்க வேண்டும். சீக்கிரம் திறந்துவிட்டால் அடுத்த பூட்டு கடினமாகும். தாமதமானால் இளகும். கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் அதிகாரி கிடையாது. தானாகவே நடக்கும்.

தங்கச் சுரங்கத்தில் ஆள் கூடினால் தங்கமும் கூடக் கிடைக்கலாம். இங்கே அது நடக்காது. ஒரு மெஷின் ஓடினாலும், ஒரு கோடி மெஷின் ஓடினாலும், ஒரு நாளில் கிடைப்பது சுமார் 144 பரிசுதான். எல்லாருக்கும் சேர்த்து 450 பிட்காயின்!

கமலை போய் மோட்டார் வந்தது

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். மாடு கட்டிக் கமலை இறைத்த காலத்தில் எல்லாருக்கும் ஓரளவு தண்ணீர் இருந்தது. ஒருவர் ஆயில் என்ஜின் வைத்தார். அவருக்குக் கொண்டாட்டம். மற்றவர்களும் வைத்தார்கள். பிறகு கரண்டு மோட்டார். பிறகு போர்வெல். தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஆழப்படுத்த முடியாதவர் கிணறு வறண்டது. கிணற்றில் தண்ணீரை இறக்கியது மோட்டார். பிட்காயினில் அதை இறக்குவது அந்த 14 நாள் விதி.

இங்கும் 'கமலை' போய் 'போர்வெல்' வந்த கதை உண்டு. முதலில் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தோண்டினார்கள். 2010-ல் படம் காட்டும் 'கிராபிக்ஸ் கார்டு' வந்தது. 2013 ஜனவரியில், சீனாவில் செய்த 'அவலான்' என்ற மெஷின் வந்தது. அதில் உள்ள 'சிப்' தோண்டுவதற்கென்றே செய்தது. வேறு எந்த வேலையும் தெரியாது. ஆனால் விநாடிக்கு 6 ஆயிரம் கோடி முறைக்கு மேல் எண் போட்டுப் பார்க்கும்! இந்த வகை மெஷினுக்கு 'ஏசிக்' என்று பெயர்.

விளைவு என்ன? பூட்டின் கடினத்துக்கு ஓர் அளவு எண் உண்டு. 2009-ல் அது 1. 2013 தொடக்கத்தில் சுமார் 30 லட்சம். அந்த ஆண்டு முடிவதற்குள் 118 கோடி! ஒரே ஆண்டில் சுமார் 400 மடங்கு. 2024 நவம்பரில் 100 லட்சம் கோடியைத் தாண்டியது.

முதலில் மெஷின் கிடைத்தவர்களுக்கு நல்ல காலம். பிந்தியவர்கள் பாடுதான் திண்டாட்டம். அமெரிக்காவில் 'பட்டர்பிளை லேப்ஸ்' என்ற கம்பெனி 2012-ல் முன்பணம் வாங்கியது. பலருக்கு மெஷின் மாதக்கணக்கில் வந்து சேரவில்லை. தாமதமாக வந்த மெஷின் பழைய சரக்காகிவிட்டது. 2014-ல் அந்நாட்டு அரசு வழக்குப் போட்டது. என்னைக் கேட்டால், இந்தப் பந்தயத்தில் ஓடியவர்களைவிடக் குதிரை விற்றவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

பூட்டு இளகிய நாளும் உண்டு. 2021-ல் சீன அரசு தோண்டுவதற்குத் தடை போட்டது. மெஷின்கள் நின்றன. அந்த ஜூலை 3-ந் தேதி கடினம் ஒரேயடியாக 28 சதவீதம் குறைந்தது. மற்ற நாடுகளில் தோண்டியவர்களுக்கு அதிர்ஷ்டம்.

இவ்வளவு மின்சாரம் செலவழிப்பது எதற்கு? கணக்கை யாரும் திருட்டுத்தனமாகத் திருத்த முடியாமல் காப்பது இந்தப் பாடுதான் என்கிறார்கள் ஆதரவாளர்கள். அது சரிதான். ஆனால் அந்தக் காவலுக்குச் சம்பளம் எவ்வளவு என்பதல்லவா குடும்பஸ்தரின் கேள்வி?

மதுரையில் ஒரு வீட்டில் வைத்தால்?

'ஆன்ட்மைனர் எஸ்19ஜெ புரோ' என்பது 2021-ல் வந்த மெஷின். விநாடிக்கு 100 லட்சம் கோடி முறை முயலும். சுமார் 3,050 வாட் மின்சாரம் குடிக்கும். ஒரு நாளைக்கு 73 யூனிட். 2 மாதத்துக்கு சுமார் 4,400 யூனிட். நமது வீடுகளில் முதல் 100 யூனிட் இலவசம். 1,000 யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். ஆக, மின் கட்டணம் மட்டும் 40 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் மெஷினைக் குளிர வைக்கும் செலவு தனி. இரைச்சலுக்குப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

வருமானம்? 2025 செப்டம்பரில் உலகில் ஓடிய மொத்த பலத்தில் இந்த மெஷினின் பங்கு ஒரு கோடியில் ஒன்று. கடினமும் பரிசும் மாறாமல் இருந்தாலும், ஒரு முழு பிட்காயின் சேர 60 ஆண்டு ஆகும். பேரன் வந்துதான் எண்ணிப் பார்க்க வேண்டும்!

மாதம் 10 சதவீதம்!

இந்தக் கணக்குத் தெரிந்தால் பெரிய மோசடியும் விளங்கும். 2015 முதல் 2017 வரை 'கெயின்பிட்காயின்' என்ற திட்டம் நடந்தது. பிட்காயினைக் கொடுங்கள், அதைக்கொண்டு தோண்டுவோம், மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் பிட்காயினாகவே தருவோம் என்றார்கள். 2017 மதிப்பிலேயே 6,600 கோடி ரூபாய் அளவுக்குத் திரட்டினார்கள் என்கிறது அமலாக்கத்துறை. நடத்திய அமித் பரத்வாஜ் 2018 ஏப்ரலில் கைதானார். 2022-ல் இறந்துவிட்டார். வழக்கு இப்போது சி.பி.ஐ. கையில்.

2016 தொடக்கம் முதல் 2017 கடைசி வரை பூட்டின் கடினம் சுமார் 18 மடங்கு ஏறியது. நடுவில், 2016 ஜூலையில், பரிசும் பாதியானது. தொடக்கத்தில் 36 காசு தந்த மெஷின் கடைசியில் 1 காசுதான் தந்திருக்கும். பிட்காயின் விலை ஏறியது உண்மை. அதனால் ரூபாய்க் கணக்கில் தோண்டியவர்கள் தப்பியிருக்கலாம். ஆனால் இவர்கள் வாக்குக் கொடுத்தது பிட்காயின் கணக்கில். எந்த மெஷினாலும் அப்படிக் குறையாமல் தர முடியாது.

சொந்தமாகத் தோண்டி விற்றாலும் வரி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம். மெஷினுக்கும் தோண்டும் வசதிகளுக்கும் ஆன செலவைக் கழிக்க முடியாது என்று மத்திய அரசு 2022 மார்ச்சில் மக்களவையில் தெரிவித்தது.

செல்போன் வழியாக ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். பணம் திரட்டி ஏமாற்றிய கம்பெனி என்றால், மதுரையிலேயே பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் அலுவலகம் இருக்கிறது. கட்டிய ரசீது, வங்கிக் கணக்குச் சீட்டு, செல்போனில் வந்த செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் கொண்டு போக வேண்டும்.