வாகனத்தின் மற்றச் சாவி எங்கே?

நமது வியாபாரிகள் வாகனம் வாங்கும்போது எதையெல்லாம் பார்ப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அவர்களுள் ஒருவன்தான். மீற்றர் எவ்வளவு ஓடியிருக்கிறது, டயர் எப்படி, அடிபட்ட வாகனமா, ஏசி குளிர்கிறதா, புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று அரை நாள் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். விலையில் பத்தாயிரம் குறைப்பதற்காக மூன்று கோப்பைத் தேநீர் குடிப்போம். கடைசியில் விற்பவர் மேசை மீது ஒரேயொரு சாவியைப் போட்டதும் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டு விடுவோம். மற்றச் சாவி எங்கே என்று கேட்பதில்லை. கேட்டாலும் "அது பொறகு தாறன்" என்ற பதிலோடு திருப்தியடைந்து விடுவோம்.

அவ்வாறு திருப்தியடைந்ததற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இந்தப் பத்தி.

2023 ஏப்ரல் மாதம். அவ்வருடம் சித்திரைப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் ஒரு வார இடைவெளியில் வந்தன. காத்தான்குடியில் உள்ள எமது துணிக்கடைக்கான கடைசிக் கொள்வனவை முடித்துக்கொண்டு 17ஆம் திகதி திங்கள் இரவு புறக்கோட்டையிலிருந்து எமது ஹயேஸ் வேனில் புறப்பட்டோம். நானும் சாரதித் தம்பியும் மட்டுந்தான். வேன் நிறையச் சிறுவர் உடுப்புகளும் அபாயாக்களும். சஹர் செய்வதற்காக ஹபரணையில் ஒரு கடையோரம் நிறுத்தினோம். நல்ல மழை. குழாயடியில் கை கழுவக் குனிந்தபோது தம்பியின் மேற்பையிலிருந்த சாவி நழுவிக் கானுக்குள் விழுந்தது. தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. டோர்ச் லைட்டை அடித்துக்கொண்டு விடியும் வரை தேடினோம். "காக்கா, தொறப்பக் காணல்ல" என்று அவன் வந்து நின்ற முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நான் பெரிதாகக் கலங்கவில்லை. சாவி வெட்டுபவர் ஒருவர் வந்தால் தீர்ந்தது என்றே நினைத்தேன். புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் போயிருந்தவர்கள் பலர் திரும்பவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தம்புள்ளையிலிருந்து ஒருவர் வந்தார். கதவுப் பூட்டைக் கழற்றி, அதன் பற்களைப் பார்த்து, அழகாகச் சாவி வெட்டினார். சாவி திரும்பியது. ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. அடித்தோம், அடித்தோம், பற்றரி இறங்கும் வரை அடித்தோம். அவர் தன் வேலை முடிந்ததென்று கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது நியாயமும்தான்.

அடுத்து வந்த மெக்கானிக் டீசல் பில்டரைக் கழற்றினார், குழாய்களைக் கழற்றினார், பம்ப் பழுதாக இருக்கலாம் என்றார். புதன்கிழமையும் அப்படியே போயிற்று. கொண்டுபோக லொறி கிடைப்பதே அரிதாக இருந்த அந்நாளில், கேட்ட கூலியைக் கொடுத்துப் பாதிச் சரக்கை மாலையில் ஊருக்கு அனுப்பினேன். நோன்பு திறக்கும் நேரம் பக்கத்தில் வந்து நின்ற ஒரு பஸ் சாரதிதான் டாஷ்போர்டில் கண் சிமிட்டிக்கொண்டிருந்த சிறிய சிவப்பு விளக்கைக் காட்டினார். "முதலாளி, வேனுக்கு ஒரு நோயும் இல்லை. உங்களைத்தான் அதற்கு யாரென்று தெரியவில்லை" என்றார்.

விடயம் அதுதான். இக்காலத்துச் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஓர் அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய சிப் ஒன்று இருக்கிறது. ட்ரான்ஸ்பொன்டர் என்பது அதன் பெயர். அதற்குப் பற்றரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். நாம் சாவியைத் திருப்பும்போது அந்தச் சுருள் அனுப்பும் மெல்லிய வானொலி அலையிலிருந்தே அந்த சிப் சக்தியைப் பெற்றுத் தன் இலக்கத்தைச் சொல்லும். அந்த இலக்கம் வாகனத்தின் நினைவில் பதிவாகியிருந்தால்தான் எஞ்சினுக்கு எரிபொருள் போக அனுமதி கிடைக்கும். இந்த ஏற்பாட்டைத்தான் இம்மொபிலைசர் என்கிறார்கள். இரும்பை எவ்வளவு அழகாக வெட்டினாலும் சிப் இல்லாத சாவி வெறும் இரும்புதான். பிந்திய ரகங்களில் இலக்கத்தைச் சும்மா சொல்வதும் இல்லை. வாகனம் ஒரு கேள்வியை அனுப்பும், சிப் அதனைத் தன் இரகசியக் குறியீட்டோடு சேர்த்துக் கணக்கிட்டு விடை சொல்லும்.

ஜப்பான்காரன் நம்மை வருத்துவதற்காகச் செய்த வேலை இது என்று நமது கராஜ்களில் சிலர் பேசுவதுண்டு. அப்படியல்ல. ஐரோப்பாவில் வாகனத் திருட்டு மலிந்தபோது 1998 ஒக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அவுஸ்திரேலியா 2001இல் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. அங்கு இந்த வசதியின்றி விற்கப்பட்ட கியா, ஹூண்டாய் கார்களை 2021, 2022ஆம் ஆண்டுகளில் சிறு பையன்கள் ஒரு யூஎஸ்பி வயரின் முனையை வைத்தே திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆகவே சிப் தேவைதான். அதனைக் கையாளத் தெரியாமல் இருப்பதே நமது குறை.

வியாழன் காலை குருநாகலிலிருந்து ஓர் இளைஞர் மடிக்கணினியும் ஒரு சிறு பெட்டியும் கொண்டு வந்தார். வந்தவுடன் வேனைத் தொடவில்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தையும் எனது அடையாள அட்டையையும் கேட்டார். மூன்று நாள் அலைச்சலும் நோன்பும். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை, பெட்டியைத் திறக்கவும் இல்லை. வீட்டிலிருந்து மகன் புத்தகத்தின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் வேலையைத் தொடங்கினார். இன்று யோசித்துப் பார்க்கையில், அந்த மூன்று நாட்களில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான சேவை அந்தக் கேள்விதான். என்னிடம் கேட்காதவர், நாளைக்கு என் வேனைத் திருட வருபவனிடமும் கேட்க மாட்டார் அல்லவா?

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த பெட்டியைக் கழற்றி, அதிலிருந்த நினைவகச் சிப்பை வாசித்து, புதிய சாவி இரண்டைப் பதிந்து தந்தார். மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஒரு சாவி கையில் இருந்திருந்தால் இது பெரும்பாலும் அரை மணி நேர வேலை, எதையும் கழற்றவும் தேவையில்லை என்றார். எனக்குச் செலவானது அந்த அரை மணி நேர வேலையின் கூலியைப் போல நான்கு மடங்குக்கு மேல். வியாழன் இரவு ஊர் வந்து சேர்ந்தோம். சனிக்கிழமை பெருநாள். சிறுவர் உடுப்புகளில் பெரும்பகுதி பெருநாளுக்குப் பிறகும் அலுமாரியில் இருந்தது. அதனை ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கழிவு விலையில் விற்றேன்.

இனி, அந்த இளைஞரிடமும் பின்னர் பஞ்சிகாவத்தையில் விடயம் தெரிந்த இரண்டொருவரிடமும் கேட்டறிந்ததில் நமக்குப் பயன்படக்கூடியதைச் சொல்கிறேன்.

சாவி 'அடிப்பது' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று பிரதி எடுப்பது. கையிலுள்ள சாவியின் குறியீட்டை அப்படியே இன்னொரு சிப்பில் எழுதுவார்கள். வாகனத்துக்கு இரண்டும் ஒரே சாவிதான். செலவு குறைவு. ஆனால் இரண்டில் ஒன்று தொலைந்து யார் கையிலாவது சிக்கினால் அதை மட்டும் தனியாக நீக்க முடியாது. மற்றது, புதிய சிப்பை வாகனத்தின் நினைவில் தனியாகப் பதிவது. இதில் தொலைந்த சாவியை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். வேலை செய்யக் கொடுக்கும்போது எதைச் செய்கிறார் என்று கேளுங்கள். சம்பள ஆட்களிடம் வாகனத்தைக் கொடுத்து வேலை வாங்குபவர்களுக்கு இரண்டாவது முறையே பொருத்தம். வேலையை விட்டுப்போன சாரதியிடம் இன்னொரு சாவி இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒரு நல்ல மனிதனை வருடக்கணக்கில் குறை பேசியவர்களை நான் அறிவேன். சாவியை நீக்கிவிட்டால் அந்தப் பாவத்துக்கும் இடமில்லை.

ஸ்மார்ட் சாவி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பான் சந்தைக்குச் செய்யப்பட்ட வாகனத்தின் சாவி பேசும் அலைவரிசை வேறு, ஐரோப்பாவுக்குச் செய்யப்பட்டதன் அலைவரிசை வேறு. டுபாயிலுள்ள மச்சானிடம் சொல்லி மலிவாக எடுப்பித்த சாவி பார்வைக்கு அச்சொட்டாக இருந்தும் வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு வாகனத்தில் பதிந்த பழைய ஸ்மார்ட் சாவியும் பல ரகங்களில் பூட்டப்பட்டிருக்கும். அதனைத் திறந்து சுத்தம் செய்யாமல் உங்கள் வாகனத்தில் பதிய முடியாது. ஒரு சிறு தகவல்: ஸ்மார்ட் சாவியின் பற்றரி நடு வழியில் செத்துவிட்டால் ஆளைத் தேடி ஓட வேண்டியதில்லை. டொயோட்டா போன்ற பல வாகனங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டிப் பிடித்து, பிறகு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் பிடிக்கும். உள்ளே அந்தப் பற்றரி தேவைப்படாத சிப் இருக்கிறதே!

வாகனம் விற்கும் நமது சகோதரர்களிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. ஏலத்தில் எடுக்கும் வாகனங்கள் பல ஒரே சாவியோடு வருகின்றன என்பது உண்மை. அது அவர்களுடைய குற்றமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனங்களே கைமாறி, கைமாறி ஓடின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு சாவி எங்கோ தங்கியது. சில லீசிங் கம்பனிகளும் ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொள்கின்றன, கடன் முடிந்த பின் அதைக் கேட்டு வாங்காதவர்கள் பலர். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சாவி ஒன்றுதான் என்றால் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும், அதற்குரியதை விலையில் குறைக்க வேண்டும். பொருளின் குறையைச் சொல்லாமல் விற்கக் கூடாது என்று நமக்குப் புதிதாக யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. டயர் தேய்ந்ததைச் சொல்லும் நாம் சாவியை மட்டும் ஏன் குறையாக நினைப்பதில்லை?

வாங்குபவர்கள் விற்பனை உடன்படிக்கையில் எத்தனை சாவி கையளிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் போடும்போது எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வாகனங்களில் இது தெரியும். பதிவில் மூன்றும் உங்கள் கையில் ஒன்றும் என்றால், மற்ற இரண்டும் இன்னும் யார் வீட்டு லாச்சியிலோ இருக்கலாம்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஹபரணையில் அந்த இளைஞர் நினைவகத்தை வாசித்தபோது எனது வேனில் மூன்று சாவிகள் பதிவாகியிருப்பதைக் காட்டினார். ஒன்று கானோடு போனது. மற்ற இரண்டும் எங்கே? நான்கு வருடங்களாக, வாசலில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கிய வேன் அது. மூன்றையும் நீக்கச் சொன்னேன்.

பெருநாள் முடிந்து ஒரு மாதத்தின் பின் வேனை எனக்கு விற்றவரைக் கொழும்பில் சந்தித்தேன். விடயத்தைச் சொன்னேன். "அது ஏலத்துலயே ஒரு சாவியோடதான் வந்திச்சு, ஹாஜி" என்றார். வந்திருக்கலாம். எனக்கு விற்றபோது அதனைச் சொல்லியிருக்கலாமே என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எனக்கு முன்னால் கணக்குப் பிள்ளையை அழைத்து, முற்றத்தில் நின்ற வாகனங்களுக்கு எத்தனை சாவி இருக்கிறதென்று எழுதச் சொன்னார். பதினொரு வாகனங்கள் நின்றன. இரண்டு சாவியோடு நின்றவை நான்கு.